புழுதி விதைப்புக் காலம்: ஐப்பசிக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரீச்சர், பள்ளிக்கூடத்தில் ‘இலையுதிர் காலம்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு காலமே இல்லையே. எதை எழுதுவது?
(பத்தாம் வகுப்பு மாணவி, கனகராயன்குளம்)

பதில்: மேப்பிள் மரத்தை மட்டும் எழுதாதேயம்மா. நீ அதைக் கண்டதில்லை என்பது வாசிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

குளிர்நாடுகளில் செப்டெம்பர் கழிந்ததும் பகல் குறுகும். வெயில் குறைந்தபின் இலையைத் தாங்கி நிற்பது மரத்துக்கு நட்டம். பச்சையத்தை உடைத்து, இலையிலுள்ள சத்தைக் கொப்புக்குள் இழுத்துக்கொண்டு, காம்படியில் ஒரு தடுப்பை வளர்த்து இலையைக் கழற்றிவிடும். பச்சை போனதும் அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பைச் சில மரங்கள் அந்த நேரத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன. நமது காட்டில் பாலையும் வீரையும் கருங்காலியும் வருடம் முழுக்கப் பச்சை. இங்கே இலை கொட்டுகிற சில மரங்களும் கோடை வறட்சியில்தான் கொட்டுகின்றன.

அப்படியானால் இந்த மாதங்களில் நம் ஊரில் நடப்பது என்ன? அதுதான் உன் கட்டுரை. சோளகம் ஓய்ந்து, காற்றே இல்லாமல் புழுங்குகிற புரட்டாசிக் கடைசியில், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு குளக்கட்டில் ஏறி நின்று பார். தண்ணீர் நடுக்குழிக்குள் ஒதுங்கியிருக்கும். கரைச் சேறு பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு பாளத்தின் விளிம்பும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்துக்குள் வெளிறிப்போன நத்தைக் கூடு ஒன்று கிடக்கும். மருதமரத்தின் அடியில், போன மாரியில் தண்ணீர் எந்த உயரம்வரை நின்றது என்று ஒரு மங்கல் கோடு. எங்கோ இடி முழங்கும், மழை வராது. மறுநாளும் முழங்கும், வராது. கடைசியில் ஒரு நாள் வந்து விழுகிற முதல் துளி புழுதியில் சின்னக் குழி போட்டு, மேலெல்லாம் புழுதியைப் பூசிக்கொண்டு உருளும். நீ குனிந்து பார்த்தால்தான் அது தெரியும். குனிந்து பார்.

முதல் பந்தியிலேயே எழுதிவிடு: உலகத்தின் அந்தப் பக்கத்தில் இலை விழுகிற மாதங்களில் எங்கள் ஊரில் விதை விழுகிறது என்று. அதற்குப் பிறகு பேனை தானாக ஓடும்.

கேள்வி: இங்கே ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி சொல்லும் நாள். பள்ளிக்கூடத்தால் வந்த மகள், “அம்மா, உங்கட ஊரில இது எப்ப?” என்று கேட்டாள். தைப்பொங்கல் என்று சொன்னேன். சரிதானே?
(கனகராயன்குளத்தில் பிறந்தவள், இப்போது ரொறன்ரோ)

பதில்: சரிதான், ஆனால் அரைவாசிதான் சொல்லியிருக்கிறீர்கள். தைப்பொங்கலும், தைப்பூசத்தில் புதிர் எடுத்துப் புத்தரிசிச் சோறு உண்பதும் நெல் விளைந்தபின் சொல்கிற நன்றி. மற்ற அரைவாசி, கையில் ஒன்றுமே இல்லாதபோது சொல்கிற நன்றி. அது இந்த மாதத்துக்குரியது.

உங்கள் மகளுக்குப் புழுதி விதைப்பைச் சொல்லிக் கொடுங்கள். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசித் தொடக்கத்திலும், மழை இன்னும் வராதபோதே, காய்ந்த வயலை உழுது புழுதியாக்குகிறோம். ஏக்கருக்கு இரண்டு, இரண்டரைப் புசல் விதைநெல்லை அந்தப் புழுதிக்குள் எறிந்து மூடிவிடுகிறோம். அதன்பிறகு வானத்தைப் பார்ப்பதைத் தவிர செய்வதற்கு எதுவும் இல்லை. மழை பிந்தினால் எறும்பும் குருவியும் தின்னும். ஒரு பாட்டம் பெய்துவிட்டு நின்றுபோனால் முளைத்தது கருகும், மறுவிதைப்புக்குக் கடன் தேட வேண்டும். நல்ல மழை தொடர்ந்தால் முதல் ஈரத்திலேயே நெல் முளைத்துவிடும், குளத்துத் தண்ணீரும் மிச்சம். காதிலும் கையிலும் கிடந்ததை அடகு வைத்து விதைநெல்லும் டீசலும் வாங்கியவர்கள், வயலில் இறங்குமுன் குளக்கட்டு ஐயனாருக்கோ பிள்ளையாருக்கோ பொங்கி வைத்துக் கும்பிடுகிற வழக்கம் வன்னியின் பல ஊர்களில் உண்டு. இன்னும் வராத மழைக்கு முன்கூட்டியே கைகூப்புகிறார்கள். கிடைத்தபின் நன்றி சொல்ல எல்லோராலும் முடியும். இந்த நன்றிக்கு நெஞ்சுரம் வேண்டும். நான் இதைத்தான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: ஆயுத பூசைக்குக் கொலுவில் கைபேசியை வைக்கலாமா? என் தொழிலே அதில்தான்.
(முச்சக்கர வண்டி ஓட்டுநர், புளியங்குளம்)

பதில்: தாராளமாக வையுங்கள் தம்பி. மண்வெட்டியும் உழவு இயந்திரமும் ஏறுகிற இடத்தில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் வைத்த கருவியை விசயதசமிவரை தொடக்கூடாது. கொப்பியும் புத்தகமும் பூவுக்குள் கிடக்கிற அந்த நாளில் பிள்ளைகள் ஒரு சொல்லும் வாசிப்பதில்லை. உங்கள் கைபேசியும் அப்படிக் கிடக்கட்டும். மறுநாள் காலையில் ஏடு தொடக்குகிற குழந்தைகளை ஏற்றி இறக்குங்கள், பின்னேரம் கோயிலில் மானம்பூப் பாருங்கள்.

கேள்வி: குளம் வற்றி, வயல் வெடித்துக் கிடக்கிறது. இந்த நேரத்தில் நன்றியைப் பற்றிப் பேசுவது எங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது.
(கமக்காரர், மன்னகுளம்)

பதில்: எரிச்சல் நியாயமானது அண்ணை. வெறும் வயிற்றுக்காரரிடம் நன்றியைப் பற்றிப் போதிக்கக்கூடாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். குளத்தைக் கவனிக்கக்கூடிய மாதம் அது வற்றிக் கிடக்கிற மாதம்தான். துருசு வாயில் அடைந்த வண்டல், கட்டில் வேர்விட்ட மரம், கறையான் புற்று, வாய்க்காலில் முளைத்த பற்றை எல்லாம் இப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். வான் பாயத் தொடங்கியபின் மண்வெட்டியோடு ஓடுவதில் பயனில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று வாதாடுகிற அதே சூட்டோடு, எந்த நாளில் எல்லோரும் கட்டுக்கு வருவது என்றும் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கனகராயன் ஆறு வவுனியாவின் வடக்கில் ஊறி, முல்லைத்தீவு மண்ணைக் கடந்து இரணைமடுவுக்குள் இறங்குகிறது. 1902 இல் கட்டத் தொடங்கிய அந்தக் குளம்தான் கிளிநொச்சி வயல்களின் உயிர். மிஞ்சியது சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போகிறது. மேலே நாம் காட்டை வெட்டினால் கீழே அவர்களுடைய குளத்தில் மண் சேரும். எங்கள் பெயரைக் கேள்விப்படாத ஒருவர் எங்கள் பக்கத்து மழையில் சோறு உண்கிறார். நாங்களும் யாரோ நட்டு வைத்த மரத்தடியில்தான் இளைப்பாறுகிறோம்.

கேள்வி: மழைக்காலத்தில்தான் கவிதை வருமா? கோடையில் எனக்கு ஒரு வரியும் வருவதில்லை.
(இளைஞர், மாங்குளம்)

பதில்: மழைக்காலத்தில் காத்திருப்பு அதிகம். கவிதைக்கு அது நல்ல உரம். தொல்காப்பியர் முல்லைக்குக் காரையும் மாலையையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும் பொழுதாக வைத்தார். முல்லையில் போனவன் வரவேண்டும், குறிஞ்சியில் இருட்டில் வழி கடக்க வேண்டும். இரண்டிலும் ஒருத்தி காது கொடுத்து இருக்கிறாள். இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகும் மழைச் சத்தத்துக்குள் மோட்டார் சைக்கிள் சத்தத்தைத் தேடுகிற தாய்மார் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்தத் திணைகள் இன்னும் உயிரோடுதான் உள்ளன.

ஆனால் மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் வன்னியில் பெரிதாக ஒன்றும் பாடவில்லை என்பதையும் கவனியுங்கள். பண்டிப் பள்ளு பயிரை உழக்கிய பன்றியிலிருந்து பிறந்தது. குருவிச் சிந்து கதிரைத் தின்ற குருவியிலிருந்து. அரிவுச் சிந்து அரிவாளோடு குனிந்த முதுகிலிருந்து. காவற்கொட்டிலில் தீனா மூட்டிவைத்து, நித்திரை வராமலிருக்கக் குரல் கொடுத்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பாட்டு மட்டும் நின்றது. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவல் 1973 இல் வந்தபோது வாசகர்கள் அதைக் கொண்டாடியதற்கும் தண்ணிமுறிப்புக் காடும் குளமும் அதில் உள்ளபடி இருந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். காட்டை அவர் அலங்காரத்துக்கு வைக்கவில்லை, அங்கே வாழ்கிறவர்களின் கண்ணால் பார்த்தார்.

உங்களுக்கு என் யோசனை: இந்த மாரியில் கவிதை எழுதவேண்டும் என்று உட்காராதீர்கள். ஓர் இரவு மாமாவோடு காவலுக்குப் போங்கள். யானை வந்தால் என்ன செய்கிறார், எந்தச் சத்தத்துக்கு எழும்புகிறார், எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் படுக்கிறார் என்று பாருங்கள். கோடையில் வராத வரி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பொழுதுபடுகிற நேரம் எங்கள் காணிப் பற்றைக்குள் ஒரு குருவி விசிலடிக்கிறது. அம்மா பேய் என்கிறா. அது என்ன?
(ஆறாம் வகுப்பு மாணவன், குறிசுட்டகுளம்)

பதில்: பேய் இல்லையடா குஞ்சு, அது ஆறுமணிக்குருவி. விடியவும் பொழுதுபடவும் ஆறு மணியளவில் இரண்டு சுரத்தில் கூப்பிடும். இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதியிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஒக்டோபர் மட்டில் இங்கே வந்து சேரும். சித்திரையில் திரும்பிப் போகும். குளிர்நாட்டில் சிவந்த இலை இருக்கட்டும், நமக்கு இந்தப் பருவத்தின் நிறமெல்லாம் இதன் மேலில் இருக்கிறது. முதுகு பச்சை, சிறகில் பளிச்சென்ற நீலத் திட்டு, வயிறு சந்தனம், வாலடி சிவப்பு, தொண்டை வெள்ளை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. வால் மட்டும் கட்டை.

அது மரத்தில் இருப்பதைவிட நிலத்தில் தத்துவதுதான் அதிகம். சருகை அலகால் புரட்டி, அடியில் கிடக்கும் புழு பூச்சியைப் பிடிக்கும். ஆகவே அம்மாவிடம் இரண்டு விடயம் சொல். ஒன்று, காணி மூலையில் கிடக்கிற சருகைக் கூட்டிக் கொளுத்தவேண்டாம். அது குருவியின் சாப்பாட்டு மேசை. மண்ணுக்கும் அதுதான் பசளை. மற்றது, இரவில் பறந்து களைத்து வருகிற இந்தக் குருவி சிலவேளை வெளிச்சத்தைக் கண்டு வீட்டுக்குள் வந்து விழும். பிடித்துக் கூட்டில் அடைக்காமல், காற்றுத் துளை போட்ட மட்டைப் பெட்டிக்குள் இருட்டாக வைத்து, விடிய எழும்பிப் பற்றையோரம் திறந்துவிடு. பூனையை மட்டும் கட்டிவை.

கேள்வி: ஒவ்வொரு இரவும் நன்றிக்குரிய விடயங்களை எழுதிவைத்தால் மனம் தேறும் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். உண்மையா?
(தாதி, வவுனியா)

பதில்: உண்மை உண்டு. ராபர்ட் எமன்ஸ், மைக்கல் மக்கலொ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதியினரை வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றையும், இன்னொரு பகுதியினரை எரிச்சலூட்டியவற்றையும் எழுதவைத்தார்கள். பத்து வாரத்தில் முதல் பகுதியினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவோடு பேசினார்கள். ஆனால் பெரிய துயரத்துக்கு இது மருந்து என்று அவர்கள் சொல்லவில்லை. நீங்களும் நோயாளியிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

எழுதுவதானால் நுணுக்கமாக எழுதுங்கள் தங்கச்சி. “தண்ணீருக்கு நன்றி” என்று எழுதினால் மூன்றாம் நாள் அலுத்துவிடும். “மேல்மடைக்காரர் தன் வயல் நிறையுமுன்பே வரம்பை வெட்டி எங்கள் பக்கம் விட்டார், கேட்காமலே விட்டார்” என்று எழுதினால் அது அவருடைய முகத்தோடு கொப்பியில் இருக்கும். பிறகு அடுத்த நாள் கடையடியில் அவரைக் கண்டால் வாய்விட்டும் சொல்லுங்கள். கொப்பிக்குள் மட்டும் கிடக்கிற நன்றி அவரைப் போய்ச் சேராது.

கேள்வி: கார்த்திகை பிறந்தால் அம்மா பேச்சைக் குறைத்துவிடுகிறா. மழைச் சத்தம் கேட்டால் எழும்பி உட்கார்ந்துவிடுகிறா. நான் என்ன செய்யவேண்டும்?
(மகள், கனகராயன்குளம்)

பதில்: உங்கள் அம்மாவைப் போல இந்த வீதியோரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2008 இன் மாரியில், போரால் ஏ9 வீதியோர ஊர்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகிக்கொண்டிருந்தபோதுதான் நிஷா புயலும் வந்தது. தறப்பாளுக்குக் கீழே, ஈரமண்ணில் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு இரவிரவாக இருந்தவர்களுக்கு மழைச் சத்தம் வெறும் மழைச் சத்தமாக இருக்காது. அதற்குப் பிறகு வந்த 2009 ஐப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முகாமிலிருந்து திரும்பி வந்து, கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே மறுபடி அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். உடம்பு ஊருக்கு வந்துவிட்டது. மனம் கார்த்திகையில் மறுபடி அந்த வழியால் ஒருமுறை நடந்துவிட்டு வருகிறது.

“மறந்துவிடம்மா” என்று சொல்லாதீர்கள். “சொல்லுங்கோ” என்று நெருக்கவும் வேண்டாம். மழை இரவில் எழும்பி உட்கார்ந்தால், நீங்களும் எழும்பித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். பகலில் கைக்கு வேலை கொடுக்கிற ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள்: உளுந்து புடைக்கலாம், விளக்கீட்டுக்குத் திரி திரிக்கலாம். திரி திரிக்கிறபோது சில பெயர்கள் அம்மாவின் வாயில் வரலாம். வந்தால் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். பிறகு ஒரு கொப்பியில் அந்தப் பெயரை, அவர் பிறந்த ஊரை, அவருக்குப் பிடித்த கறியை எழுதிவையுங்கள். எப்படிப் போனார் என்பதை அம்மா சொன்னால் மட்டும் எழுதுங்கள். எப்படி இருந்தார் என்பது கட்டாயம் எழுதப்படவேண்டும். நித்திரையின்மையும் பசியின்மையும் வாரக்கணக்கில் நீண்டால் ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். காய்ச்சலுக்குப் போவது போலத்தான் இதற்கும் போகவேண்டும்.

கேள்வி: இந்தப் பருவம் திரும்பிப் பார்க்கவைக்கிற பருவம் என்கிறார்கள். எங்கள் மண்ணுக்கு ஒக்டோபரில் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது?
(பல்கலைக்கழக மாணவர், நெடுங்கேணி)

பதில்: இரண்டைச் சொல்கிறேன். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலேயர் கல் நட்டார்கள். அதே வருடம் ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் பண்டாரவன்னியன். வென்றவர்கள் தங்கள் பெயருக்காக நட்ட கல்லை வைத்தே தோற்றவனை நாம் நினைக்கிறோம். எழுத்தாளர் முல்லைமணி அவனை நாடகமாகவும் ஆக்கினார்.

மற்றது கடினமானது, ஆனாலும் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் நம்மோடு வயல் விதைத்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள், காடு சுற்றியவர்கள் அவர்களில் இருந்தார்கள். பலர் புத்தளத்தில் முகாமிலேயே ஒரு தலைமுறையை வளர்த்தார்கள். ஊரைவிட்டு ஓடுவது என்னவென்று நமக்குத் தெரியும். தெரிந்தவர்களான நாம் அவர்களுடைய ஒக்டோபரையும் நம் ஒக்டோபராக நினைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் பல்கலைக்கழகத்தில் அங்கிருந்து வந்த ஒரு மாணவராவது இருப்பார். அவருடைய பாட்டனாருக்கு எந்தக் குளத்தடியில் வயல் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நானும் ஏதாவது எழுதி அனுப்பலாமா? எனக்குக் கதை, கவிதை வராது.
(இல்லத்தரசி, ஒலுமடு)

பதில்: கட்டாயம் அனுப்புங்கள் அக்கா. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், முருங்கைக்காயன் என்று நமது வயல்களில் விளைந்த நெல்லினங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காணக்கூடியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். உங்கள் அம்மம்மா எந்த நெல்லைக் கஞ்சிக்கு வைத்தா, எதைப் பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுத்தா, எந்தப் பெட்டியில் விதைநெல் காத்தா, அதற்குள் வேப்பிலை போட்டாவா வேறு ஏதாவது போட்டாவா என்று எழுதுங்கள். முதல் மழைக்குத் தம்பளப்பூச்சி வருகிற இடம், ஈசல் பிடித்து வறுத்த விதம், எந்தப் பற்றையடியில் காளான் கிடைக்கும் என்பதெல்லாம்கூட வேண்டும். கொப்பித் தாளில் பேனையால் எழுதினால் போதும், எழுத்துப் பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன். விளக்கீட்டுக்கு முன் வந்து சேர்ந்தால் மார்கழி இதழிலேயே போட்டுவிடலாம்.